அந்தக் கேள்விக்கு ஒரு கதவு

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர்,
ரத்த வங்கியில் பழச்சாறு கொடுக்கும் தன்னார்வலர்.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: ரத்ததானம் செய்ய வருவோரிடம் அந்தரங்கக் கேள்விகளை மூடிய அறையில் கேட்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவியின் உடலில் ரத்தம் போதிய அளவு ஊறுவதில்லை. மாதந்தோறும் தங்கள் மருத்துவமனையில்தான் ஏற்றிக்கொள்கிறார். ஏற்றி முடித்து வீடு திரும்பும்போது, "இன்னைக்கு யாரோ கோவக்காரர் ரத்தம் போல, உங்களப் பாத்தாலே சண்டை போடத் தோணுது" என்பார். தெம்பாக இருந்தால், "இது நல்லாத் தூங்கி எழுந்தவங்க குடுத்தது" என்பார். முகம் தெரியாத அத்தனை பேரையும் சொந்தக்காரர்கள் போலத்தான் பேசுவார். அந்தச் சொந்தங்களுக்கு என்னால் ஆன உபசாரமாக, ரத்தம் கொடுத்துவிட்டு வருபவர்களுக்குப் பழச்சாறும் பிஸ்கட்டும் எடுத்து வைக்கிறேன். ஆகவே இப்புகாரை வீட்டு ஆள் ஒருவர் எழுதியதாகவே தாங்கள் கருத வேண்டுகிறேன்.

2. தானம் செய்ய வருபவர்களிடம் செவிலியர் சில கேள்விகள் கேட்கிறார். அண்மையில் புதியவர் யாருடனாவது உடலுறவு உண்டா, அது பாதுகாப்பில்லாமல் நடந்ததா, பிறர் போட்ட ஊசியைப் போட்டுக்கொண்டதுண்டா என்பன அவை. எச்.ஐ.வி. போன்ற வைரஸ் ரத்தத்தில் இருக்க வாய்ப்புண்டா என்று அறிவதற்கான கேள்விகள். ஒவ்வொரு பையும் பரிசோதிக்கப்படுகிறது என்பதை அறிவேன். ஆனால் தொற்றிய ஆரம்ப நாட்களில் பரிசோதனைக்கும் அது தட்டுப்படாமல் போகலாம். நேற்று ஊன்றிய விதையை இன்று மேல்மண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஊன்றியவரைத்தான் கேட்க வேண்டும்.

அந்தக் கேள்விகளோ கூடத்தின் நடுவே, மின்விசிறிச் சத்தத்தை மிஞ்சும் குரலில் கேட்கப்படுகின்றன. அடுத்தவர் முதுகை உரசிக்கொண்டு நிற்கிறார். "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று மொத்த வகுப்பையும் கேட்டு, "புரிஞ்சுது சார்" என்ற கூட்டுக் குரலை நம்பி, பிறகு விடைத்தாளைப் பார்த்துத் தலையில் கை வைக்காத ஆசிரியர் உண்டா? தனியே கூப்பிட்டுக் கேட்டால்தான் பிள்ளை வாய் திறக்கும். மீசை முளைத்த பிறகும் மனிதர் அப்படித்தான்.

3. சென்ற வாரம் நடந்ததை, உரியவரின் சம்மதத்தோடு, அடையாளத்தை மட்டும் மறைத்து எழுதுகிறேன். ஒருவர் தன் மனைவியின் தம்பியோடு வந்தார். பொல்லாத பிரியம் இருவருக்கும். மச்சான் இவர் தோளில் கைபோட்டபடி பின்னால் நிற்க, செவிலியர் அந்தக் கேள்வியைக் கேட்டார். இவர் விழித்தார். வரிசை நீளமாக இருந்தது. "இல்லன்னு போட்டுடவா?" என்றார் செவிலியர். மச்சான் சிரித்தபடி, "எங்க அத்தானுக்கு அதுக்கெல்லாம் தைரியம் ஏதுங்க, தாராளமாப் போடுங்க" என்றார். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ரத்தம் கொடுத்துவிட்டு என் மேசைக்கு வந்தவர் பழச்சாற்றைத் தொடவில்லை. "சார், குடுத்த ரத்தத்தத் திரும்ப வாங்க முடியுமா?" என்றார். "அதுக்குள்ள மனசு மாறிடுச்சா தம்பி?" என்றேன். அவர் கண் கலங்கியது. "வெளியூர் வேலைக்குப் போன இடத்துல ஒரு தப்பு நடந்துடுச்சு சார். மச்சான் கை தோள் மேல இருக்கும்போது எப்படிச் சொல்றது?"

அவரைப் பரிசோதனைக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். கட்டிலில் படுத்து ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்த மச்சான், "எங்க கிளம்பிட்டீங்க அத்தான்?" என்று குரல் கொடுத்தார். "சட்டையில ஜூஸ் கொட்டிடுச்சு, கழுவணும்" என்றேன். அது பொய்யாகிவிடக் கூடாதே என்று, அவர் தொடாத பழச்சாற்றை எடுத்து நானே அவர் சட்டையில் கொஞ்சம் கொட்டினேன். அந்த ரத்தம் வேண்டாம் என்றதும் ஆய்வக ஊழியர் மறுவார்த்தை கேட்காமல் பையைத் தனியே எடுத்து வைத்தார். பையின் மேல் இருந்தது என் மனைவியின் ரத்த வகை.

4. வீட்டில் சொன்னேன். என் மனைவி, "பாவம், அவ்வளவு பயத்துலயும் எனக்காக வாயைத் திறந்திருக்கு அந்தப் பிள்ள. வயித்துக்கு ஏதாவது குடுத்து அனுப்பினீங்களா, இல்ல சட்டையில மட்டும் ஊத்தி அனுப்பிட்டீங்களா?" என்று கேட்டார். அந்தப் பிள்ளைக்கு ஆலோசகரிடம் நேரம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பரிசோதனை முடிவு வரும்வரை தன் மனைவியையும் அவர் காக்க வேண்டும். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்பதிலும் ஆலோசகர் துணை நிற்கிறார்.

5. ஐயா, செவிலியர் மீது நடவடிக்கை வேண்டாம். காலையிலிருந்து உட்காராமல் வேலை பார்க்கும் பெண் அவர், நல்லவர். கூடத்தை ஒட்டி, உடைந்த நாற்காலிகள் அடைத்த அறை ஒன்று இருக்கிறது. கதவை நன்றாகச் சாத்த முடிகிறது. அதை ஒதுக்கித் தந்தால் நாற்காலிகளை நானே அப்புறப்படுத்துகிறேன். திரை போட்டால் போதாதா என்றார்கள் அலுவலகத்தில். என் மனைவியிடம் கேட்டேன். "திரை கண்ணத்தானே மறைக்கும், காத எப்படி மறைக்கும்?" என்றார். ஒவ்வொருவராக உள்ளே அழைத்து, "இல்லைதானே" என்று எடுத்துக் கொடுக்காமல், கேட்டுவிட்டுக் காத்திருக்கச் சொல்லுங்கள். கொடுத்த பிறகு மனம் உறுத்தினால், காரணம் சொல்லாமலே "என் ரத்தத்தைப் பயன்படுத்த வேண்டாம்" என்று தெரிவிக்கத் தொலைபேசி எண் ஒன்றும் தர வேண்டுகிறேன். ஆளின் தோற்றத்தையோ தொழிலையோ வைத்து எவரையும் ஒதுக்கிவிடாமல், நடந்ததை மட்டும் கேட்டால் போதும்.

வருகிற வெள்ளிக்கிழமை என் மனைவிக்கு மறுபடி ரத்தம் ஏற்றுகிறார்கள். அதைக் கொடுக்கப் போகிறவர் இந்நேரம் அதே வரிசையில் நின்றுகொண்டிருக்கலாம். அவர் தோளிலும் யார் கையாவது இருக்கலாம். ஆகவே இன்றே அந்த அறையின் சாவியை எனக்குத் தந்துதவப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: ரத்த வங்கி, பழச்சாறு மேசை
நாள்: திங்கட்கிழமை

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர்