வேண்டாம் என்று நீ எழுதவே இல்லை, வரதா

கூடப் பிறக்காத என் அன்புத் தம்பி வரதனுக்கு,

நீ இல்லாத ஆபீசிலிருந்து எழுதுகிறேன். 'இல்லாத' என்று எழுதியபோதே கை தயங்கியது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். உனக்கு எழுதுவதை ஊரே படிப்பது உனக்குப் பிடிக்காது என்று தெரியும். இந்த ஒருமுறை பொறுத்துக்கொள். மற்றவர்களும் படிக்க வேண்டியிருக்கிறது.

காந்தி ரோட்டுப் பட்டுக்கடைக்கு மேலே நம் மாடி அப்படியேதான் இருக்கிறது. முகூர்த்த நாட்களில் வெளியூர்க் கார்கள் வாசலை அடைத்துக்கொள்ள, முசரவாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து சேர்ந்த களைப்போடு நான் வாட்ச்மேனிடம் இன்னமும் சண்டை போடுகிறேன். உன் நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. நம் டீம் பிரகாஷ் மட்டும் தன் சாப்பாட்டுப் பையை அதில் வைப்பான். வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். கருடசேவையன்று பிரபந்தம் சொல்லும் கோஷ்டியில் உன் இடத்தில் உன் சித்தப்பா பையன் நின்றான். உன் அளவுக்குச் சத்தம் வரவில்லை. உன் மனைவி மைதிலி நன்றாக இருக்கிறாள் என்று எழுத ஆசை. இருக்கிறாள்.

தாமல் பக்கத்தில் அந்த மழை நாளில் உன் வண்டி சறுக்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நீ போன பிறகு நம் டீமை நான்தான் நடத்திக்கொண்டிருக்கிறேன். வேலை அதேதான். நம் ஆப் வழியாகப் பணம் அனுப்புகிறவர்களில் யார் திருடன் என்று கண்டுபிடிப்பது. முன்பெல்லாம் கம்ப்யூட்டர் சந்தேகப்படும், மனிதர் ஒருவர் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்வார். இப்போது சந்தேகம் வந்த நொடியே கணக்கை முடக்கும் வேலையையும் அதனிடமே கொடுக்கிறார்கள். மனிதர் பார்ப்பதற்குள் பணம் பறந்துவிடுகிறது என்கிறார் சென்னை டைரக்டர். சும்மா சொல்லக்கூடாது, அதுவும் நிஜம்தான். ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாரின் பணத்தைப் போன மாதம் அதுதான் காப்பாற்றியது. நான் ஏஐக்கு எதிரியில்லை, உனக்கே தெரியும். அதை இந்த மாடிக்குக் கொண்டுவந்தவளே நான்தான்.

ஆனால் நீ ஒரு விதி போட்டு வைத்திருந்தாய். ஒருவருடைய பணத்தை நிறுத்துகிற எந்த மாற்றத்துக்கும் இரண்டு பேர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும் என்று. அதற்காகச் சென்னைக்கே போய் டைரக்டரின் அறையில் உட்கார்ந்து, அவர் ஒத்துக்கொள்ளும்வரை எழுந்திருக்காமல் இருந்தவன் நீ. அந்த விதி இன்னமும் இருக்கிறது. அந்த இரண்டாவது ஆள் யார் என்று கேள்.

நீதான்.

இத்தனை வருஷம் மற்றவர்களின் புரோகிராம்களைப் படித்து நீ எழுதிய ரிவ்யூக் குறிப்புகள் எல்லாவற்றையும் ஒரு ஏஐக்குக் கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள். அதற்கு வரதன் என்றே பெயர் வைத்தார்கள். மைதிலியிடம் கேட்டுத்தான் செய்தார்கள். அவர் பேர் நிலைச்சு நிக்கட்டும் என்றாளாம், பாவம். முதல் நாள் பிரகாஷ் எழுதிய ஒன்றைப் படித்துவிட்டு அது, "அருமைபா. ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும்" என்று ஆரம்பித்தது. அப்படியே நீ. மொத்த டீமும் ஸ்கிரீனைச் சுற்றிக் கூடிவிட்டது. நான் பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். அழுகைக்கு நடுவில் சந்தோஷமாகவும் இருந்தது, மறைக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

புதிய ஏற்பாட்டை முதலில் நம் ஊரில் மட்டும் ஓட்டிப் பார்த்தோம். அந்த வாரமே ராணி மாடியேறி வந்தார். பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்கிறவர். அந்தத் தெருவில் எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியாதா? தறிக்குழியில் கால் இறக்கினவர் போனுக்காக ஏறி வர மாட்டார். அதனால் முதலாளி தெரு மொத்தத்துக்குமான கூலியை ராணியின் போனுக்கு அனுப்புவார். ராணி வீடு வீடாகப் பிரித்து அனுப்புவார். வருஷக்கணக்காக அப்படித்தான். ஆனால் கம்ப்யூட்டரின் கண்ணுக்கு அது வேறு மாதிரி. ஒரு கணக்கில் மொத்தமாகப் பணம் விழுகிறது, விழுந்த சூட்டிலேயே பல கணக்குகளுக்குச் சிதறுகிறது. திருடர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். பணம் வந்த நொடியில் கணக்கு முடங்கிவிட்டது.

ராணி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். போனை என் கையில் கொடுத்துவிட்டு நின்றார்.

"சந்தேகத்துக்குரிய கணக்குன்னு போட்டுக்கினு இருக்குதும்மா. தெருவே வாங்கி வாங்கிப் படிச்சிடுச்சி. நான் கூலிய சுருட்டிக்கினேன்னு வாசல்ல வந்து நிக்கிறாங்க. எங்க ஓடுவேன் நானு? என் தறி இங்கதான இருக்குது."

அன்று சாயங்காலத்துக்குள் கணக்கைத் திறந்துவிட்டேன். கூலியும் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. வாசலில் நின்றவர்களை என்னால் திரும்ப அனுப்பி வைக்க முடியுமா, சொல். ராணி இப்போது யாருடைய பணத்தையும் தொடுவதில்லையாம். பக்கத்து வீட்டில் தண்ணீர் வாங்கக்கூடப் போவதில்லை என்று கேள்விப்பட்டேன்.

இந்த மாற்றத்தை யார் போக விட்டார்கள் என்று தேடினேன். முதலில் பிரகாஷ் சரி சொல்லியிருந்தான். அவன் அம்மாவே தறிக்காரர், அவனுக்கு இது தெரியாமல் இருக்காது. பிடித்து உலுக்கினேன்.

"எனக்கு டவுட்டு வந்துச்சிக்கா. தெருக்கூலி வாங்கறவங்க மாட்டுவாங்களான்னு கேட்டு எழுதனேன். வரதண்ணா நல்ல கேள்விபா, போகலாம்னாரு. அண்ணாவே சொல்லிட்டாருன்னு விட்டுட்டேன்."

அண்ணாவே சொல்லிட்டாரு. அவனைத் திட்ட வாய் வரவில்லை, வரதா. அவன் கேட்கத்தான் செய்தான். சந்தேகம் வந்தது, எழுதினான், பதில் வந்தது. எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது. அவன் கேட்டதை ஒரு மனிதர்கூடப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். நம் ஆப்பில் இருக்கும் எல்லோருடைய கணக்கையும் ஒரே அடியாக முடக்குகிற மாதிரி, பைத்தியக்காரத்தனமாக ஒரு புரோகிராம் எழுதி அந்த வரதனிடம் கொடுத்தேன். நிஜமாக ஓடாத இடத்தில்தான், பயப்படாதே. "அருமைக்கா. தெளிவா இருக்குது. பேர் மட்டும் இன்னும் கொஞ்சம் சின்னதா வைக்கலாம். போகலாம்" என்றது. பட்டப்பகல், சுற்றிலும் ஆட்கள் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஏன் என்று யோசித்து யோசித்து, உன் பழைய குறிப்புகளை உட்கார்ந்து படித்தேன். நீ எழுதியது முழுக்கப் படித்தாலும் ஒரு 'வேண்டாம்' கிடையாது. தேடிப் பார், எங்குமே கிடையாது. நமக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான், தெரிந்ததாலேயே யாருக்கும் உறைக்கவில்லை. உனக்கு ஒன்று பிடிக்கவில்லை என்றால் நீ எழுத மாட்டாய். எழுந்து வந்து தோளைத் தட்டி, "வா, ஒரு டீ" என்பாய். கீழே கடையில் வைத்து நார் நாராகக் கிழிப்பாய். மேலே வந்து, எழுதியதைத் தூக்கியெறிந்துவிட்டு வேறு எழுதுவோம். அந்தப் புதியதற்கு நீ "அருமைபா" என்று போடுவாய். ஏன்டா இப்படி என்று நான் ஒருநாள் கேட்டதற்கு நீ சொன்னது நினைவிருக்கிறது.

"எழுதினா நிக்கும்கா. நாளைக்கு யார் யாரோ படிப்பாங்க. ஒருத்தன் பண்ண தப்பு அவன் பேருக்குக் கீழ எதுக்கு நிக்கணும்?"

பெரிய மனசு உனக்கு. அந்தப் பெரிய மனசுதான் இப்போது பட்டுக்கடை மாடியில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறது. டீக்கடையில் நீ பேசியதை யார் பதிவு செய்தார்கள்? உன்னில் பாதி, அதுவும் நல்ல பாதி, டம்ளரோடு கழுவி ஊற்றப்பட்டுவிட்டது.

டைரக்டருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகத்தான் கேட்டார். கெட்டவர் இல்லை அவர். அதுதான் இன்னும் கலக்கமாக இருக்கிறது. கெட்டவர் என்றால் சண்டை போட்டுவிட்டுப் போகலாம்.

"இதெல்லாம் சரி பண்ணக்கூடியதுதானே ஸ்டெல்லா. வேணாம்னு சொல்ற மாதிரி கொஞ்சம் எழுதிக் குடுங்க, வரதன் எழுதற மாதிரியே. அவரை உங்களைவிட நல்லா யாருக்குத் தெரியும்?"

நீ சொல்லாததை நீ சொன்னதாக நான் எழுத வேண்டுமாம். எழுதினால் அதுவும் உன்னைப் போலவே இருக்கும், எனக்கு வரும். நான் எழுதியது எது, நீ எழுதியது எது என்று அடுத்த வருஷம் எனக்கே தெரியாமல் போகலாம். அவர் நிறுத்தாமல், திங்கட்கிழமை முதல் எல்லா ஊருக்கும் திறக்கிறோம், உங்கள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி, வரதனுடையது ஆகிவிட்டது என்றார்.

எல்லா ஊரும் என்றால் எத்தனை ராணிகள்? இந்த ராணிக்கு ஏறி வர ஒரு மாடிப்படி இருந்தது. எங்கோ சந்தையில், எங்கோ மீன்பிடித் துறையில், ஊருக்காகத் தன் போனில் பணம் வாங்கிப் பிரித்துக் கொடுக்கிறவள் யாரிடம் போய் நிற்பாள்? கையெழுத்தில் உன் பெயர் இருக்கும். உன்னைத் தேடி எங்கே போவாள்?

நான் போடவில்லை என்றால் பிரகாஷைப் போடச் சொல்வார்கள். அவன் மனைவிக்கு இது ஒன்பதாம் மாதம். அவனால் முடியாது என்று சொல்ல முடியாது, நானும் அவனிடம் அதை எதிர்பார்க்க மாட்டேன்.

இன்று மதியம் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் 'வேண்டாம்' என்று எழுதினேன். கீழே காரணங்கள் எல்லாம் எழுதினேன். ராணியைப் பற்றி, டீக்கடையைப் பற்றி, இறந்தவன் இரண்டாவது ஆளாக முடியாது என்பதைப் பற்றி. அனுப்பிவிட்டுக் கண்ணை மூடி ஒரு ஜெபம் சொன்னேன். கண்ணைத் திறந்தபோது உன் பெயரில் பதில் வந்திருந்தது.

"அருமைக்கா. ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க. போகலாம்."

நான் மறுத்ததையும் அது சரி என்று பாராட்டிவிட்டது, வரதா. திங்கட்கிழமை அப்படியேதான் இருக்கிறது.

நாளைக் காலையில் சின்ன காஞ்சிபுரத்துக்கு, மைதிலியிடம் போகிறேன். அவள் கொடுத்த பெயரை அவள் ஒருத்திதான் திருப்பிக் கேட்க முடியும். அவளுக்கு உன்னிடமிருந்து மிச்சம் இருப்பதாக அவள் நம்புகிற ஒன்றை நான் பிடுங்கப் போகிறேன். அழுவாள். என் மூஞ்சியில் கதவைச் சாத்தினாலும் வாசலிலேயே நிற்பேன். அவள் சரி என்றாலும் திங்கட்கிழமைக்குள் அது நடக்குமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததைச் சத்தியமாகச் சொல்கிறேன். உன் பெயரில் ஒரு பொய் 'வேண்டாம்' என் கையால் எழுதமாட்டேன். உன் பெயரில் நிற்கும் பொய்ச் 'சரி'யை, என்னை அந்த மாடியிலிருந்து இறக்கி விட்டாலும், கீழே தெருவில் நின்றாவது பொய் என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

ஒரே ஒருமுறையாவது நீ எழுதியிருக்கலாம்டா.

உயிரோடு இருப்பதால் பதில் சொல்ல வேண்டியிருக்கிற
உன் அக்கா,
ஸ்டெல்லா