சிவப்பு நூலை அவிழ்த்தவர்கள்

என் பிரியமான பத்மாக்காவுக்கு,

நேற்று திருப்பதி ஆபீசில் உனக்கு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். உன் போட்டோவுக்கு ரோஜா மாலை. மேடையேறிய எல்லாரும் உன்னைப் புகழ்ந்தார்கள். நான் கடைசி வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போட்டோவுக்குப் பின்னால் நீ உருவாக்கிய படத்தைப் புதிதாக அச்சடித்து மாட்டியிருந்தார்கள். அதில் சிவப்பு இல்லை அக்கா. ஒரு கோடுகூட இல்லை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். நம் நகரி, புத்தூர் பக்கம் போர்வெல் தண்ணீர் ஏன் இறங்கிக்கொண்டே போகிறது என்பதுதான் ஆராய்ச்சி. நிலத்தடி நீர்க்காரருக்கு ஒன்று தெரியும், மாட்டு டாக்டருக்கு ஒன்று தெரியும், கரும்பை விட்டுவிட்டு மாடு வாங்கியவர்களுக்கு வேறொன்று தெரியும். எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, எது எதை ஏற்றுகிறது, எதை இறக்குகிறது என்று சுவரில் நூல் கட்டிப் படம் போடவைத்தாய். இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால் வெள்ளை நூல். ஒத்துக்கொள்ளாவிட்டால் சிவப்பு. அதை நான் கம்ப்யூட்டரில் மாடலாக மாற்றுவேன். சிவப்பை வைத்து ஒரு முறை, எடுத்துவிட்டு ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது உன் சட்டம்.

பெரிய சண்டை மாட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில்தான். மாடு வந்தால் கரும்பு போகும், தண்ணீர் மிஞ்சும் என்றார் மாட்டு டாக்டர். "பச்சைப் புல்லும் போர் தண்ணியிலதானே சார் வளருது?" என்றாய் நீ. ஊர்ப் பெண்களும் இரண்டாகப் பிரிந்தார்கள்.

"எங்க மாடு ஏரிக்குள்ள மேஞ்சிக்கினு கீது. அதுக்குப் போரு எதுக்கு?" என்றார் ஒரு அம்மா.

"உனுக்கு ஏரி கீது. எனுக்கு?" என்றார் இன்னொருவர்.

நீ சிரித்துக்கொண்டே சிவப்பு நூலை எடுத்தாய்.

அந்த நூலைத்தான் அவிழ்த்துவிட்டார்கள். கூட்டம் முடிந்ததும் ஆராய்ச்சிக்குப் பொறுப்பான பெரியவரைப் பிடித்துக் கேட்டேன். தோளில் தட்டினார். "அதிகாரிங்க வர்ற நேரத்துல நமக்குள்ளயே சண்டைன்னு காட்டணுமா? இப்புடு எந்துகு பாபு அதி?" என்றார், இப்போது அதெல்லாம் எதற்கு என்று. ஒத்துவராததை எல்லாம் எடுத்துப்போட்டுவிட்டு, மிச்சத்துக்கு ஒருமித்த கருத்து என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

சிவப்பு இல்லாத மாடல் என்ன சொல்கிறது தெரியுமா? வீட்டுக்கு வீடு மாடு கொடுத்தால் தண்ணீர் மட்டம் ஏறுமாம். சிவப்பை வைத்து ஓட்டினால் இறங்குகிறது. அடுத்த வாரம் இதைப் பார்த்துத்தான் மாட்டுத் திட்டத்தை முடிவு செய்யப்போகிறார்கள். ஏரி இல்லாத ஊர்களில் போர் காய்ந்துபோனால் யார் போய்ப் பதில் சொல்வது? இந்த லட்சணத்தில் அறிக்கையின் முதல் பக்கத்தில் உனக்குச் சமர்ப்பணம் வேறு.

உன் மேலும் கோபம்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த உன்னை, நம்மைப் பெற்ற நைனா ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டபோது, "வெறும் கேஸ் டிரபிள்தான் நைனா, மீட்டிங் முடியட்டும்" என்றாய். ஊரார் பேச்சையெல்லாம் உட்கார்ந்து கேட்டாய், அவர் பேச்சை மட்டும் கேட்கவில்லை. இப்போது வீட்டில் யார் ஏப்பம் விட்டாலும் நைனா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி நிற்கிறார்.

அந்தச் சண்டையில் நான் மாட்டு டாக்டர் பக்கம் இருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? புல்லுக்குப் போகிற தண்ணீரை நீ பெரிதாக்குகிறாய் என்று நகரி பஸ்ஸில் வழியெல்லாம் வாதாடினேன். இப்போதும் நீ சொன்னது முழுக்கச் சரி என்று எனக்குத் தோன்றவில்லை. நீ இருந்தால் இன்றைக்கே மறுபடி ஆரம்பிப்போம். நாம் முடிக்காத சண்டையை முடித்துவைக்க இவர்கள் யார்?

அடுத்த வாரம் அதிகாரிகளுக்குப் படத்தை விளக்கப்போவது நான்தான். உன் மேஜை டிராயரில் மிச்ச நூல் இருந்தது, எடுத்து வைத்திருக்கிறேன். அவர்கள் முன்னாலேயே மாட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் அதைக் கட்டுவேன். இரண்டு முடிவையும் காட்டுவேன். அக்கா சொன்னது இது, நான் ஒத்துக்கொள்ளவில்லை, யார் சரி என்று இன்னும் தெரியாது என்று சொல்வேன். தடுத்தால் அந்த அறிக்கையில் என் கையெழுத்து இருக்காது, உன் பெயரும் இருக்க விடமாட்டேன். இது சத்தியம்.

இன்னும் உன்னோடு ஒத்துப்போகாத தம்பி,
குமார்