மஞ்சள் வைத்த சட்டைகள்

வானதி அப்பாவுக்கு,

தை மாதம் வருவீர்களா என்று போனில் கேட்டால், "பாக்கலாம்" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

வானதி வந்து பீரோவைத் திறந்தாள். "ஒரு வருஷமா உடுத்தாததக் குடுத்துடும்மா. இனிமே தேவைன்னா மட்டும் வாங்கு" என்றாள். சரியென்று உட்கார்ந்தேன். என் புடவைகளில் ஒதுக்க அதிகமில்லை. குவிந்ததெல்லாம் உங்கள் சட்டைகள். தீபாவளிக்குத் தீபாவளி உங்களுக்கும் ஒன்று எடுத்து, காலரில் மஞ்சள் தடவி, சாமி முன் வைத்து எடுத்து மடித்தவை.

மஞ்சள் வைத்த துணியை, உடுத்த வேண்டியவர் ஒருமுறைகூட உடுத்தாமல், பிறருக்குக் கொடுக்கலாமா? யாரைக் கேட்பதென்று தெரியவில்லை. எல்லாவற்றையும் உள்ளே வைத்தேன். மறுபடி வெளியே எடுத்தேன். இப்போது கட்டிலில் கிடக்கின்றன. நான் கீழே படுக்கிறேன்.

உங்கள் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூரில் சொல்லிவைத்திருக்கிறேன். வேட்டிக்கு அளவு வேண்டாம், எடுத்துவிட்டேன். சட்டை மட்டும், நீங்கள் நிஜமாகவே போடுவதாக ஒன்றே ஒன்று யோசித்து எடுக்கலாமென்று கும்பகோணம் போனேன்.

"சாருக்கு என்ன சைஸுங்கம்மா?" என்றார் கடைக்காரர்.

நாற்பது என்று சொல்ல வாயெடுத்தேன். அது நீங்கள் துபாய் போனபோது இருந்த அளவு. வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

உங்கள் அளவு உங்களுக்கு எப்போதுமே தெரியாது. அங்கே இப்போது உங்களுக்குச் சட்டை எடுப்பது யாரோ, அவர்களைக் கேட்டாவது எழுதுங்கள்.

இப்படிக்கு,
நான்தான்