முன்னால் கார், பின்னால் லாரி

1946

மார்ச் 11, திங்கள்

அனந்துவுக்கு வேலை போய் இன்றோடு இருபது நாள். சண்டை முடிந்துவிட்டதாம், பட்டாளத்து ஸ்டோர் ஆபீசில் இனி இத்தனை குமாஸ்தாக்கள் வேண்டாமாம். சண்டை ஓய்ந்ததென்று ஊரெல்லாம் மிட்டாய் தின்றது. என் பிள்ளைக்கு மட்டும் அது இப்படி வந்து விடிந்திருக்கிறது.

இருந்தாலும் தினமும் ஒன்பதேகாலுக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறான். எங்கே என்று நான் கேட்கவில்லை. நாட்டுப்பெண் நாகலக்ஷ்மியும் கேட்கவில்லை. அவள் எதைத்தான் கேட்டாள்? நான் கேட்காதது பயத்தினால்.

மார்ச் 19, செவ்வாய்

தெரிந்துவிட்டது. தாராவியில் நாகூர் மீரான் என்று ஒரு மெக்கானிக். அவனுடைய பட்டறையில் என் பிள்ளை வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறான். கல்யாண் கேம்பில் பட்டாளத்தின் பழைய வண்டிகளை விற்கிறார்களாம், ஒன்று வாங்கப் போகிறானாம்.

"காரா?" என்றேன், கொஞ்சம் ஆசையோடுதான்.

"முன்னாலே கார், பின்னாலே லாரி. பிக்கப்னு பேரு."

"லாரின்னு சொல்லு."

"பெரிய லாரின்னா டிரைவர், கிளீனர்னு ரெண்டு ஆள் வேணும் அம்மா. இதை நான் ஒருத்தனே ஓட்டிக்கலாம். ஸ்டியரிங் எல்லாம் கார் மாதிரியேதான். தாராவிச் சந்துக்குள்ளேயும் நுழையும். சாமான் ஏத்தற வண்டின்னா பெட்ரோல் ரேஷன் கூப்பனும் கூடுதலாக் கிடைக்கும். வாரத்திலே ஆறு நாள் உழைப்பு, ஞாயித்துக்கிழமை உங்களையெல்லாம் ஏத்திண்டு போவேன்."

"உங்கப்பா பாலக்காட்டிலே வண்டிக்காரனை வாசப்படிக்கு இந்தண்டை விட்டதில்லை."

"அப்போ எனக்குக் காப்பியை வாசல்லேயே கொண்டு வந்து குடுத்துடு."

சிரிக்கிறான். எனக்கு நெஞ்சு எரிகிறது. ஐந்தாம் கிளாஸோடு என்னை நிறுத்தினார்கள். இவனை மெட்ரிக் வரை படிக்க வைத்தது மூட்டை ஏற்றவா?

ஏப்ரல் 7, ஞாயிறு

வந்துவிட்டது. பச்சையும் இல்லை, மண்ணும் இல்லை, அப்படி ஒரு நிறம். கதவில் பட்டாளத்து நம்பர் இன்னும் அழியவில்லை. முன்னால் இரண்டு பேர் தாராளமாக, மூன்று பேர் இடித்துக்கொண்டு உட்காரலாம். பின்னால் இடுப்பளவு பலகை அடைப்பு, மேலே வளைவுக் கம்பி, தார்ப்பாய். சக்கரம் மட்டும் யானைக்கால் போல.

எதிர்வீட்டு மாமி பால்கனியிலிருந்து, "யாராத்துக்கு மாமி சாமான் வந்திருக்கு?" என்று கேட்டாள். கேட்ட தொனியிலேயே அவளுக்கு எல்லாம் தெரியும் என்று தெரிந்தது.

"எனக்கென்ன தெரியும், யாரோ கொண்டு வந்து நிறுத்தியிருக்கா" என்றேன்.

பேத்தி அகிலாண்டம் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தாள். கேட்டிருப்பாள்.

மே 12, ஞாயிறு

எல்லோரும் ஜுஹுவுக்குப் போனார்கள். நாகலக்ஷ்மி முன் சீட்டில் ராணி மாதிரி. அகிலா பின்னால் ஜமக்காளம் விரித்து, தலையெல்லாம் பறக்க. என்னையும் கூப்பிட்டார்கள். தலைவலி என்றேன்.

ஒத்துக்கொள்ள வேண்டியதை ஒத்துக்கொள்கிறேன். வண்டி சும்மா நிற்பதில்லை. அரிசி மூட்டை, வெங்காயம், பள்ளிக்கூடத்து பெஞ்சு, ஒரு பாட்டு வாத்தியாரின் வீணை கூட. போன வாரம் மூன்றாம் வீட்டுக்காரரை மெத்தையோடு பின்னால் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். டாக்ஸியில் அவரை மடக்கித்தான் திணித்திருக்க வேண்டும். தெருவில் எல்லோருக்கும் இப்போது அனந்து வேண்டியிருக்கிறது. ஆனால் அவனை "டிரைவர் மாமா" என்கிறதுகள் குழந்தைகள். அதுவும் என் காதுபடவே.

ஜூன் 10, திங்கள்

செம்பூரிலிருந்து ஜாதகம் பொருந்திவிட்டது என்று செய்தி. பையன் பஞ்சு, பாங்கியில் வேலை. அப்பா நாணு ஐயர், ரெயில்வேயில் பெரிய கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அகிலா பையனை ராமநவமிக் கச்சேரியில் பார்த்திருக்கிறாள் போலிருக்கிறது. பேரைச் சொன்னதும் அடுக்களைக்குள் போய்விட்டாள், அங்கே அவளுக்கு ஒரு வேலையும் இல்லை.

பெண்ணின் தகப்பனார் என்ன செய்கிறார் என்று கேட்டிருந்தார்கள். அனந்துவுக்கு எழுத நேரமில்லை. "அம்மா, நீயே என் பேரிலே எழுதிடு, உன் கையெழுத்துதான் அழகு" என்றான். எழுதினேன். "சொந்த வியாபாரம். சொந்த மோட்டார் உண்டு."

என்ன பொய் இதில்? மோட்டார் இல்லாமல் மாடா இழுக்கிறது அதை?

ஜூன் 22, சனி

பதில் வந்தது. முப்பதாம் தேதி பெண் பார்க்க வருகிறார்கள். கடைசி வரி: "தங்களிடம் மோட்டார் இருப்பதால் எண்பது வயதான என் தகப்பனாரையும் அழைத்து வருகிறேன். திரும்பும்போது எங்களைக் கொண்டு விட்டால் போதும்."

இந்தக் கார்டை அனந்துவிடம் காட்டவில்லை. "வரவா கண்ணிலே அந்த வண்டி பட வேண்டாம், அன்னிக்கு ஒருநாள் தாராவியிலேயே விட்டுட்டு வா" என்று மட்டும் சொன்னேன். முகத்தைச் சுருக்கினான். அகிலாவுக்காக என்றதும் சரி என்றான்.

ஜூன் 30, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

நாணு ஐயர், அவர் சம்சாரம், பஞ்சு, கிழவர். டாக்ஸியில் வந்து இறங்கினார்கள், டாக்ஸியை அனுப்பிவிட்டார்கள். ஏன் அனுப்பமாட்டார்கள்?

தாலி இழந்தவள் சுபகாரியத்துக்கு எதிரே நிற்கக்கூடாது. அடுக்களைக் கதவின் பின்னால் நின்று கேட்டேன். அகிலா பாடினாள். நடுவில் ஓரிடத்தில் தடுமாறினாள். பஞ்சு தாளத்தை விடாமல் போட்டு அவளைப் பிடித்துக் கொண்டுவந்து சேர்த்தான். கதவிடுக்கில் பார்த்தேன். எனக்கே மனசு நிறைந்துவிட்டது. முடிந்தது, இனி முகூர்த்தம்தான் என்று நினைத்தேன்.

மழை பிடித்தது. ஒரு மணி நேரம். கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் தண்ணீர், டிராம் நின்றுவிட்டது, நடுரோட்டில் டாக்ஸிகள் செத்துக் கிடக்கின்றன என்று தெருவில் சத்தம். கிழவருக்குக் கால் வீக்கம், உட்காரவும் முடியவில்லை.

நாணு ஐயர் சொன்னார்: "உங்க மோட்டாரை எடுக்கச் சொல்லுங்கோளேன்."

"எந்த மோட்டார்?" என்றான் அனந்து. அவனுக்கு என்ன தெரியும்!

கதவுக்குப் பின்னாலிருந்து நான், "ரிப்பேருக்குப் போயிருக்கு! வர நாலு நாளாகும்!" என்றேன். எப்படி வாய் வந்தது?

பாயில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த அகிலா நிமிர்ந்தாள். "அப்பா, நம்ம பிக்கப் மீரான் பாய் பட்டறையிலேதானே நிக்கறது? ரிப்பேர் ஒண்ணும் இல்லையே. கொண்டு வாங்கோ. தாத்தா எத்தனை நாழி இப்படி உட்கார்ந்திருப்பார்?"

பெண் பார்க்க வந்தவர்கள் எதிரில், பெண்.

அனந்து தண்ணீரில் நடந்தே தாராவிக்குப் போய் வண்டியைக் கொண்டு வந்தான். அத்தனை வண்டியும் நின்ற இடத்தில் இது மட்டும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. கிழவரும் நாணு ஐயரின் சம்சாரமும் முன்னால். தகப்பனும் பிள்ளையும் பின்னால், தார்ப்பாய்க்குக் கீழே. "சிவ சிவா, ஒரே வெங்காய வாசனை!" என்றார் கிழவர். "நன்னாத்தான் இருக்கு, கதவைச் சாத்து."

ஜன்னலிலிருந்து பார்த்தேன். நாணு ஐயர் பலகையைத் தட்டித் தட்டி என்னமோ கேட்டுக்கொண்டிருந்தார். பஞ்சு எங்கள் மாடியைப் பார்த்துச் சிரித்தான்.

அனந்து திரும்பி வந்து ஈரத்தோடு என் முன்னால் நின்றான். "வழி பூரா வண்டியைப் பத்தியே கேட்டார். எத்தனை மூட்டை தாங்கும், எத்தனை பெட்ரோல் குடிக்கும்னு. இறங்கறச்சே, 'கடுதாசியிலே சொந்த மோட்டார்னு எழுதியிருந்தேளே, அது எப்போ ரிப்பேராகி வரும்?'னார். இதுதான், வேறே கிடையாதுன்னேன். என்னம்மா எழுதினே?"

"உன் கௌரவத்துக்காக எழுதினேன்டா."

"என் கௌரவத்தை நான் ஓட்டிண்டு வந்து வாசல்லே நிறுத்தியிருக்கேன். நீதான் அதைத் தாராவிக்கு அனுப்பினே."

ஜூலை 1, திங்கள்

நான் சாப்பிடவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

செம்பூரிலிருந்து கார்டு. "பெண் லக்ஷணம், பாட்டும் ஞானமும் உண்டு. தங்கள் தொழிலில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் முதல் கடிதத்திலேயே மறைத்து எழுதுகிற இடத்தில் மேற்கொண்டு எதை நம்புவது என்று என் தகப்பனார் கேட்கிறார். மன்னிக்கவும்."

லாரிக்காரன் என்று சொல்லித் தள்ளியிருந்தால் என் மனசு ஆறியிருக்கும். நான் சொன்னேனே, நான் சொன்னேனே என்று எல்லோரையும் ஒரு வழி பண்ணியிருப்பேன். அதற்கும் வழியில்லை.

அகிலா கார்டைப் படித்தாள். மடித்து அப்பாவிடம் கொடுத்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

தட்டை வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள், என் புடவையைத் துவைத்துப் போடுகிறாள். பேச்சு மட்டும் இல்லை. நான் பேசினால் எழுந்து போவதும் இல்லை. சுவர் மாதிரி நிற்கிறாள். என் பிடிவாதம்தான், எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டாம்.

மன்னிப்புக் கேட்கலாமா? பதினேழு வயதுப் பெண்ணிடம் நானா?

செப்டம்பர் 13, வெள்ளி

இன்றும் பேசவில்லை.

அக்டோபர் 21, திங்கள்

நாணு ஐயர் வந்தார். ஒரு நிமிஷம் நான் என்னென்னவோ நினைத்துவிட்டேன். இலை வாங்கி வரச் சொல்லலாமா, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லலாமா என்பது வரை போய்விட்டது புத்தி.

பஞ்சுவுக்குக் கல்யாணம். நவம்பர் ஒன்று. பெண்வீடு கல்யாண் ஊரில். சமையல் பாத்திரம், வாழைமரம், ஜமக்காளம் எல்லாம் மண்டபத்துக்கு ஏற்ற அனந்துவின் வண்டி வேண்டுமாம்.

"மண்டபம் சந்துக்குள்ளே இருக்கு. உங்க வண்டி மாதிரி நுழையற வண்டி வேறே இல்லை. உங்களை மாதிரி சொன்ன நேரத்துக்கு வர மனுஷாளும் இல்லை" என்றார். கூச்சமே இல்லை அவருக்கு. "வியாபாரம் வேறே, சம்பந்தம் வேறே. தப்பா எடுத்துக்க மாட்டேளே?"

அனந்து தேதியைக் குறித்துக்கொண்டான். பிறகு வருகிறேன் என்றான்.

அவர் போனதும் கத்தினேன். "வெக்கமா இல்லை? உன் பொண்ணு உட்கார வேண்டிய மணைக்கு நீயே வாழைமரம் கொண்டு போவியா?"

"அவர் என்னை நம்பறார், அம்மா" என்றான். அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது?

நவம்பர் 1, வெள்ளி

விடியற்காலையிலேயே போய்விட்டான். அகிலா அவனுக்குக் காப்பி கலந்து கொடுத்து, தார்ப்பாயைக் கட்ட ஒரு முனையைப் பிடித்தாள்.

நவம்பர் 2, சனி

காலையில் எட்டு மணி இருக்கும். கீழே வண்டியின் பின்பலகையைத் தாழ்த்திவிட்டு அகிலா அலம்பிக்கொண்டிருந்தாள். வாழைமரத்துக் கறை பலகையெல்லாம் படிந்திருந்தது. தேங்காய் நாரைப் போட்டுத் தேய்க்கிறாள், தேய்க்கிறாள், போகவில்லை. எதிர்வீட்டு மாமி பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் இறங்கிப் போனேன். வண்டி வந்து ஏழு மாதத்தில் நான் அதன் கிட்டே போனது இதுதான் முதல் தடவை. பலகை என் மார்பு உயரம் இருந்தது.

"குடு, நான் தேய்க்கறேன்" என்றேன்.

"வேண்டாம் பாட்டி" என்றாள்.

நாலு மாதம் கழித்து என்னோடு அவள் பேசியது இதுதான். வாளித் தண்ணீரைப் பலகையில் வீசினாள். என் காலில் படாமல் பார்த்து வீசினாள்.