நடுவிரலில் எறும்பு
வியாழன், இரவு

அப்பாவின் மணிக்கட்டு நொறுங்கி, நரம்பும் நசுங்கி, ஆபரேஷன் ஆகி ஒரு மாதம். மூன்று விரல்கள் மரத்தே கிடக்கின்றன. விரல் சரியாகாமல் லேத் வேலைக்குப் போக முடியாது.

இன்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் தொட்டுத் தொட்டுக் கேட்டார்.

"தெரியுதுங்க" என்றார் அப்பா ஒவ்வொரு தடவையும்.

"அப்பா, அவங்க இப்ப தொடவே இல்லப்பா!" என்றேன்.

அப்பா அசடு வழிந்தார். "இவ்ளோ சிரமப்பட்டு ஆபரேஷன் பண்ணீங்க. தெரியலைன்னு எப்படிங்க சொல்றது?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "எனக்கு மார்க் போடாதீங்க. உள்ளதைச் சொல்லுங்க."

பிறகு பஞ்சுக்கு எல்லாமே "இல்லைங்க"தான். உள்ளங்கையில் டாக்டரம்மா விரலால் தட்டியபோது மட்டும், "நடுவிரல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்குங்க" என்றார் தயங்கியபடி.

"நரம்பு வளருது. இனி உணர்ச்சி மெல்ல மெல்ல வரும்" என்றார் டாக்டரம்மா.

ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எறும்பை மட்டும் சொன்னேன். கரண்டியோடு கைகூப்பினாள்.