வெள்ளிக்கிழமை லோரி

இன்று காலை எங்கள் அலுவலக வாசலிலிருந்து ஒரு லோரி கிளம்பியது. சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்கி, தாரின் சூட்டோடு அந்த வாசனை மாடிவரை ஏறி வந்தது. கையிலிருந்த கட்டண அட்டவணையைக் கீழே வைத்துவிட்டேன். உன்னோடு பேச எனக்கு இப்படி ஏதாவது ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது.

ஈப்போவில் ஒரே பள்ளியில் படித்தோம். நான் பல்கலைக்கழகத்துக்குப் போனேன்; நீ உன் அப்பாவின் சரக்கு ஏஜென்சிக்குள் போனாய். எழுபதுகளில் நான் ஊர் திரும்பி, எந்தச் சரக்கை எந்த வழியில் அனுப்பினால் கட்டுபடியாகும் என்று பார்த்துச் சொல்லும் வேலையில் சேர்ந்தபோது, மதியச் சாப்பாடு உன் மேசையில்தான். அப்போதே உன் தொழில் ஆட்டம் கண்டிருந்தது. தோட்டங்களில் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்த ரப்பர் ஷீட்டும் பெரிய கம்பெனிகளின் கொள்கலன்களில் ஏறி நேரே கிள்ளான் துறைமுகத்துக்குப் போனது. பினாங்குத் தொழிற்சாலைகளோ சின்னச் சின்னப் பொருள்களை விமானத்தில் அனுப்பத் தொடங்கியிருந்தன.

"அவனுங்க அனுப்பறப்ப நான் அனுப்பக் கூடாதா? ஹுத்தான் மெலிந்தாங் இறால் ஹாங்காங் போனா விசாவா கேக்கப் போறான்?" என்றாய்.

நான் சந்தேகத்தோடுதான் கட்டணத்தைப் போட்டுப் பார்த்தேன். உன் யோசனை சரியாகவே வந்தது. கப்பலில் அழுகிப்போகும் சரக்குக்கு விமானக் கட்டணம் அதிகமே இல்லை. முதல் சரக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் வாராவாரம் எடுத்துக்கொள்வதாக ஹாங்காங் வியாபாரி சொல்லியிருந்தார். போய்ச் சேராவிட்டால் ஏஜென்சியை மூடுவதைத் தவிர உனக்கு வேறு வழி இருக்கவில்லை.

உன் அப்பா காலத்திலிருந்து லோரி ஓட்டிய அண்ணன் ராகு காலத்தில் வண்டி எடுக்கமாட்டார். ரப்பர் ஏற்றிய நாளில் அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. கப்பல் நாள்கணக்கில் துறைமுகத்தில் கிடக்கும், ரப்பரும் கெட்டுப்போகாது.

அந்த வெள்ளிக்கிழமை நானும் விடுப்பெடுத்துக்கொண்டு உன்னோடு ஹுத்தான் மெலிந்தாங் மீன்பிடித் துறைக்கு வந்தேன். படகுகள் தாமதமாகத்தான் கரைக்கு வந்தன. ஐஸ் போட்டுப் பெட்டிகளை ஏற்றி முடிக்கும்போது பத்தரையைத் தாண்டிவிட்டது. அண்ணன் சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். பன்னிரண்டு அடிக்கட்டும் என்றார்.

உன்னைத் தனியே இழுத்துப் போனேன். "கப்பல்னா நிக்கும்டி. பிளேன் நிக்காது."

"தெரியும்லா. அவரு தம்பி இந்த நேரத்துல வண்டி எடுத்துத்தான் ஆக்சிடண்ட்ல போய்ச் சேந்தாரு. அவருகிட்டப் போயி, ஏறுங்கண்ணேன்னு எப்படிடி சொல்றது?"

பன்னிரண்டுக்குக் கிளம்பி, கரையோரச் சாலையில் அண்ணன் முடிந்தவரை வேகமாகத்தான் ஓட்டினார். சுபாங் விமான நிலையத்தில் சரக்கு வாங்குவதை நிறுத்திவிட்டிருந்தார்கள். அடுத்த விமானத்தில் இடமில்லை. பெட்டிகளிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட அண்ணன் தலை குனிந்து, "பாப்பா, நான் எடுத்திருக்கலாம்," என்றார். "விடுங்கண்ணே, இந்த இறாலுக்கு ஹாங்காங் பிடிக்கலபோல," என்று நீ சிரித்தாய்.

ஏஜென்சியை மூடிவிட்டுக் கோலாலம்பூரில் யாரோ ஒருவரின் சரக்கு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாய். உடம்பு சரியில்லாமல் போகும்வரை அங்கேதான் இருந்தாய். இப்போது நம் கடற்கரை இறால் விமானத்தில் போவது பெரிய செய்தியே இல்லை. நீ சரியாகத்தான் பார்த்தாய் என்பதை ஒவ்வொரு வருடமும் நானே அறிக்கையில் எழுதுகிறேன். உன் பெயர் இல்லாமல்.

முதல் நாள் மாலைப் படகின் இறாலை எடுத்து ஐஸில் வைத்திருந்தால் வெள்ளிக்கிழமை விடியலிலேயே கிளம்பியிருக்கலாம். விமானமும் கிடைத்திருக்கும், அண்ணன் மனமும் நொந்திருக்காது. இவ்வளவு எளிய வழி அன்று நம் இருவருக்குமே தோன்றவில்லை. தோன்றியபோது சொல்வதற்கு நீ இல்லை.

ராகுவிலும் கேதுவிலும் எனக்கு நம்பிக்கையில்லை, உனக்குத் தெரியும். ஆனால் விமானச் சரக்குக்கு நேரம் குறிக்கும்போது, வெள்ளிக்கிழமை லோரிகளைப் பத்து மணிக்கு முன்பே கிளப்பிவிடுகிறேன். ஏன் என்று கேட்கும் வாடிக்கையாளர்களிடம் சாலை நெரிசல் என்கிறேன்.

லோரி ஓட்டுபவர்கள் மட்டும் கேட்பதில்லை.