எனக்கு மட்டும் சொல்லாத பாடம்

2025 பெப்ரவரி 10, திங்கள்

இரண்டு நாளாக விடாத தூறல். நான்கு ஜாக்கெட் தைக்கக் கிடக்கிறது, ஒன்றில்தான் கை வைத்தேன்.

பகல் சாப்பாட்டுக்கு வந்தவர் சோற்றைப் பிசையும் முன்பே ஆரம்பித்துவிட்டார். "நமுனுகுலயிலேருந்து ஒரு டீச்சர் வருதுல்ல, கிருஷாந்தி? ஆறு வருசத்துல இப்படி ஒரு ஸ்டூடன்ட பாத்ததில்ல சக்தி. கண்ணாடியப் பாக்காம ஸ்டியரிங்க ஒரு இஞ்சிகூட திருப்பாது."

பருப்பில் உப்பே இல்லை. நான் மறந்துபோனேன். அவருக்கு அது தெரியக்கூட இல்லை! என் புருஷன் இந்திரஜித், உப்பு ஒரு கல் குறைந்தால் தட்டைத் தள்ளுகிற மனுஷன், இன்றைக்கு அந்தப் பருப்பை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

பதுளை டவுனில் லேர்னர்ஸ் காரில் உட்கார்ந்து ஆறு வருடமாகக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறார். எத்தனையோ பெண்கள் வந்து பழகிப் போனார்கள். ஒருத்தியின் பெயரையும் நான் இந்த வீட்டில் கேட்டதில்லை.

பெப்ரவரி 14, வெள்ளி

விசேஷத்துக்குப் போடுகிற நீலச் சட்டையை இன்றைக்கு வேலைக்குப் போட்டார். ஏன் என்று கேட்டேன். "மத்ததெல்லாம் காயலயே" என்றார். அது உண்மைதான். அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

பெப்ரவரி 23, ஞாயிறு

பித்தான் வாங்க பஸாருக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஏற்றத்தில் எல் போர்ட் கார் நின்றுபோய்க் கிடக்கிறது. பின்னால் பஸ்காரன் ஹோனில் கையை வைத்தால் எடுக்க மாட்டேன் என்கிறான். உள்ளே அவள். பக்கத்தில் இவர். ஜன்னல் திறந்திருந்தது. நான் மருந்துக்கடை மறைவில் நின்று கேட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கேட்டேன்.

"பரவால்ல டீச்சர். ஒரு அவசரமும் இல்ல. பின்னுக்கு உள்ளவன் ஹோன் அடிப்பான், அது அவன் வேல. நீங்க மூச்ச எடுத்துக்கிட்டு மெதுவா வாங்க."

அந்தக் குரல்! கல்யாணம் கட்டி பன்னிரண்டு வருடம். அப்படி ஒரு குரல் அவர் தொண்டையில் இருப்பதே எனக்குத் தெரியாது. காஸ் மூடியைத் திருப்பத் தெரியவில்லை என்று போன வாரம் என்னிடம் கத்தினாரே, அந்தத் தொண்டைதானா இது?

ஒருமுறை எனக்கும் ஓட்டக் கற்றுத்தாருங்கள் என்று கேட்டேன். "ஒன் காலுக்கு கிளட்ச் ஒத்து வராது" என்றார். என் காலைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் சுவரைப் பார்ப்பார்.

எழுத வேண்டாம் என்றிருந்தேன். எழுதிவிடுகிறேன். 2018 ஓகஸ்ட். மொனராகலையிலிருந்து இவர் ஓட்டிய வேனில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். பசறைக்கு வரும் முன் ஒரு வளைவு, மாலை நேரம், நல்ல பனிமூட்டம். வளைவுக்கு அந்தப் பக்கம் எக்சல் உடைந்து நின்றிருந்த லொறியின் பின்னால் போய் அடித்தோம். கடைசி நொடியில் இவர் வலப்பக்கம் வெட்டினார், இடப்பக்கம் இருந்த என் இடக்கால் மாட்டிக்கொண்டது, அன்றிலிருந்து நொண்டித்தான் நடக்கிறேன். வண்டி நின்றுபோனால் ஒரு கிளையை ஒடித்துப் பின்னால் ரோட்டில் போட வேண்டும், எங்கள் மலை ரோட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த லொறிக்காரர் ஸனூஸ் கிளை போடவில்லை என்று இவர் சொன்னார், நானும் ஆமாம் என்றேன். வழக்கு ஸனூஸ்மேல்தான் முடிந்தது. அவருடைய லைசன்ஸும் போனது.

ஆனால் நான் உண்மையில் ரோட்டைப் பார்க்கவே இல்லை. மடியில் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். ஒரு சுளையை அவர் பக்கம் நீட்டினேன், அடுத்த நொடி சத்தம். ராமலட்சுமி மாமி ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டார், "வண்டி ஓட்டுறவனுக்கு தின்னக் குடுத்தா இப்படித்தான் ஆகும்." தன் மகனை யாரும் குறை சொல்லக் கூடாது என்பதற்காக என்னைச் சொன்னார். இவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஏழு வருடமாக அந்தச் சுளை என் கையிலேயே இருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

அவள் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். "சேர்தான் சொன்னார், மிஸ் நல்லா தைப்பீங்கன்னு." ஜாக்கெட்டுக்கு அளவெடுத்தேன், இடுப்பு இருபத்தெட்டு. ஆகட்டும், இருக்கட்டும். வயது முப்பத்தொன்றாம், இன்னும் கல்யாணம் இல்லையாம், கடனில் சின்னக் கார் ஒன்று வாங்கப் போகிறாளாம், தோட்டத்துப் பிள்ளைகளை மழையில் நடக்க விடாமல் ஏற்றிப் போகலாமாம். குறை கண்டுபிடிக்க எவ்வளவோ பார்த்தேன். முழங்கையில் ஒரு தழும்பு இருக்கிறது, அவ்வளவுதான்.

மார்ச் 15, சனி

எழுத்து கோணலாகப் போகிறது.

ஜாக்கெட் வாங்க வந்தாள். போட்டுப் பார்த்துவிட்டுப் போகிறவள் என் காலைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மிஸ், சேர் அந்த வளைவுல வச்சி கதைய சொன்னப்ப எனக்கு அழுகையே வந்துருச்சி. தன்மேல பிழைன்னு யார் மிஸ் இந்தக் காலத்துல சொல்றா?"

"என்ன பிழை?" என்றேன்.

அவளுக்கு எனக்குத் தெரியும் என்ற நினைப்பு. சொல்லிக்கொண்டே போனாள். ரோட்டில் பழகும் கடைசி நாளில் எல்லா ஸ்டூடன்ட்ஸையும் அங்கே கூட்டிப் போவாராம். முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் மூன்று நொடி இடைவெளி, பனி என்றால் ஆறு நொடி. எந்த வளைவுக்குப் பின்னாலும் ஒரு வண்டி நிற்கிறது என்று நினைத்தே திரும்ப வேண்டும். அப்புறம் இதைச் சொல்வாராம்: "கெள போட்டிருந்தாங்க. நான் என் கண்ணால பாத்தேன். காத்துக்கு முறிஞ்சி விழுந்ததுன்னு நெனச்சி அத சுத்தி வண்டிய எடுத்துக்கிட்டுப் போனேன். அந்தப் பக்கம் லொறி. என் பொஞ்சாதி கால் போச்சி. ரோட்டுல பச்சக் கெள கெடந்தா அது குப்ப இல்ல, அது ஒரு ஆள் நில்லுன்னு சொல்றது."

நான் கையில் இருந்த ஜாக்கெட்டில் மூன்று ஊக்கைத் தப்பான இடத்தில் தைத்தேன். அவள் போய்விட்டாள்.

கெள இருந்துச்சா? இருந்துச்சா? அப்ப நான் பொலிஸ்ல இல்லன்னு சொன்னேனே, யாருக்காகச் சொன்னேன்?

மார்ச் 16, ஞாயிறு

தூங்கவில்லை. எனக்கு வந்திருக்க வேண்டிய கோபம் கோபமாக வரவில்லை, பொறாமையாக வருகிறது. எவளோ ஒருத்தி, பாடத்துக்குக் காசு கட்டினவள், அவளிடம் சொல்லத் தெரிகிறது. அந்த வார்த்தை என்னுடையது. என் காலுக்கு உரிய வார்த்தை. அதை ஊரில் எல் போர்ட் மாட்டினவளுக்கெல்லாம் வாரி வாரிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்தால் வாயில் கொழுக்கட்டை!

நேரே கேட்டுவிடலாமா? கேட்டால் சொல்லுவார். கேட்டு வாங்குவது எனக்கு வேண்டாம். அவராகச் சொல்ல வேண்டும்.

மார்ச் 27, வியாழன்

அவள் லைசன்ஸ் ட்ரயலில் முதல் தடவையே பாஸாம். லட்டு கொண்டுவந்தார். நான் தொடவில்லை. பிறகு ஒன்று சாப்பிட்டேன்.

ஏப்ரல் 21, திங்கள்

புதுவருட லீவு முடிந்ததும் அவருடைய லேர்னர்ஸுக்கே போய் என் பெயரைப் பதிந்துவிட்டேன். ஓட்டோ கியர் கார் ஒன்று வந்திருக்கிறது, இடக்கால் தேவையில்லை. மெடிக்கலில் டொக்டர் காலை மடக்கிப் பார்த்து, தாராளமாக ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஓப்பிஸ் மேசையில் என் படிவத்தைக் கண்டதும் இவர் முகம் போன போக்கு! "என்னா சக்தி இது?" "என்னாவா? லேர்னர்ஸ். நீங்கதான் சேர்." மேசைக்குப் பின்னால் வேலை பார்க்கிற பிள்ளை சிரித்துவிட்டது.

எல்லோருக்கும் சொல்கிற பாடத்தை எனக்கும் சொல்லித்தானே ஆக வேண்டும்? பார்க்கலாம்.

மே 18, ஞாயிறு

அந்தக் குரல் எனக்குக் கிடைக்கவில்லை. "பிரேக்! பிரேக்! சக்தி, கண்ணு எங்க இருக்கு?" முன்னால் முச்சக்கர வண்டி இன்னும் ஐம்பது மீற்றர் தூரத்தில் போகிறது. இவர் நெற்றியெல்லாம் வேர்வை. டீச்சருக்கு மூச்சு எடுக்க நேரம் கொடுத்தீர்களே, எனக்கு இல்லையா என்று கேட்டே விட்டேன். இவர் வெளியே பார்த்துக்கொண்டு, "அவங்க பக்கத்துல உக்காந்தா எனக்குப் பயமில்ல" என்றார்.

அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்னும் தெரியவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

மூன்று நொடி எண்ணப் பழகிவிட்டேன். முன்னால் போகிற பஸ் ஒரு போஸ்டைத் தாண்டியதும் ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு என்று எண்ண வேண்டும். இடைவெளி விட்டால் ஒவ்வொருவனும் வந்து நுழைகிறான், கோபம் வருகிறது. "நொழையட்டும். திரும்ப எண்ணு. அவனுக்கு விட்டுக் குடுத்தா நாம சின்னவங்களாயிர மாட்டோம்" என்றார். இன்றைக்குக் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

ஜூலை 20, ஞாயிறு

கடைசி ரோட்டுப் பாடம். பசறை தாண்டிக் கொஞ்ச தூரம் போய், மொனராகலைப் பக்கமிருந்து திரும்பி வந்தோம். நான் ஓட்டுகிறேன், இவர் பக்கத்தில். அந்த வளைவு வந்தது. காது இரண்டையும் தீட்டிக்கொண்டிருந்தேன். வேகத்தைக் குறை என்றார். ஹோன் அடி என்றார். வளைவு முடிந்தது. லொறி நின்ற இடம் போனது. "ம், நேரா போ" என்றார்.

அவ்வளவுதான்! ஊருக்கெல்லாம் சொன்ன பாடத்தை எனக்கு மட்டும் விட்டுவிட்டார்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிரேக்கில் காலை வைத்தேன். "கதைய சொல்லுங்க சேர்!"

"இங்க நிப்பாட்டாத!" என்று கத்தினார். "வளைவுக்குக் கிட்ட! முன்னுக்கு போ, கடைக்குப் பக்கத்துல எடம் இருக்கு!" பேசாமல் ஓட்டிப்போய், ரோட்டை விட்டு நன்றாக ஒதுக்கி, இரண்டு பக்க சிக்னலையும் போட்டுவிட்டுத்தான் மிச்சத்தைக் கத்தினேன். என்னென்னவோ கத்தினேன். அந்த டீச்சர் பெயரைச் சொன்னேன், நீலச் சட்டையைச் சொன்னேன், "அவளுக்குச் சொல்ல இருந்த வாய் எனக்குச் சொல்ல இல்லயா?" என்றேன். கடையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

இவர் சீட் பெல்ட்டைக் கழற்றினார். பிறகு சொன்னார். "கெள இருந்திச்சி சக்தி. பாத்தேன். சுத்திக்கிட்டு போனேன். அடிபட்ட பொறவு வந்த பஸ்காரன் அத இழுத்து ஓரமா போட்டுட்டான். பொலிஸ் வரும்போது ரோட்டுல ஒண்ணும் இல்ல. கெள இல்லன்னு வாய்ல வந்துருச்சி. ஒருக்கா சொன்னத மாத்த தைரியம் வரல."

"தோடம்பழம்?" என்று கேட்டேன்.

"என்னா தோடம்பழம்?"

அவருக்கு நினைவே இல்லை. நான் உரித்தது, நீட்டியது, மாமி சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. "அம்மா சொன்னது ஞாபகம் இருக்கு. ஒன்னச் சொல்லட்டும், என்ன விட்டுரட்டும்னுதான் நின்னேன். ஆனா நீ நீட்டுனது வளைவுக்கு அந்தப் பக்கம்னா, நான் அப்பவே கெளய தாண்டிட்டேன் புள்ள. அதுக்குப் பொறவு யார் என்ன செஞ்சிருந்தாலும் அந்த வண்டி நின்னுருக்காது. ஒன்மேல ஒண்ணும் இல்ல."

"இத அவகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல. இத யார்கிட்டயும் சொல்லல."

அழுகை வந்தது. அழுதுகொண்டே ஓட்டக் கூடாது என்று பதினைந்து நிமிடம் காருக்கு வெளியே நிற்க வைத்தார். வரும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். கண்ணாடி பார்க்க மட்டும் மறக்கவில்லை.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

ட்ரயல். ஃபெயில். ரிவர்ஸில் கம்பத்தைத் தட்டிவிட்டேன். அந்த டீச்சர் போன் எடுத்து ஆறுதல் சொன்னாள். அடுத்த முறை பாஸ் பண்ணிடுவீங்களாம். இவள் சொல்லித்தான் தெரியணும்!

செப்டெம்பர் 16, செவ்வாய்

பாஸ்.

செப்டெம்பர் 28, ஞாயிறு

லேர்னர்ஸ் முதலாளி ஐயாவின் காரை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கி மொனராகலைக்குப் போனோம். நான்தான் ஓட்டினேன். ஸனூஸ் வீட்டைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு மணித்தியாலம் ஆனது. லைசன்ஸ் போனதோடு லொறியை விட்டுவிட்டாராம், இப்போது வீட்டு முன்னால் ரோட்டோரக் கொட்டிலில் சோளம் அவித்து விற்கிறார். என்னைவிட இளையவர் என்று நினைத்திருந்தேன். தாடியெல்லாம் நரைத்திருந்தது.

இவர் கொட்டிலுக்கு வெளியே நின்றே சொன்னார். உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை. கிளை இருந்தது, நான் பார்த்தேன், பொய் சொன்னேன், பொலிஸிலும் எழுதிக் கொடுக்கிறேன் என்றார். நானும் பார்க்காமலே ஆமாம் போட்டேன் என்றேன்.

திட்டுவார், அடிக்கக்கூட வருவார் என்று நினைத்தோம். அந்த மனுஷன் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே குந்திவிட்டார். "பொலிஸ்ல இல்லன்னாங்க, கோர்ட்ல இல்லன்னாங்க. கடைசியில எனக்கே சந்தேகம் வந்துருச்சி தம்பி. போட்டேனா, போடணும்னு நெனச்சி மறந்துட்டேனான்னு. ஏழு வருசம்." பிறகு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "றுஸைனா! இங்க வந்து கேளு. நான் போட்டுத்தான் இருக்கேனாம்!"

அவருடைய மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். முதலில் என் காலைப் பார்த்தார், பிறகு இவரை. கடைசியாகத் தன் புருஷனைப் பார்த்துச் சொன்னார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும். நான் ஒரு நாளும் சந்தேகப்படல."

அந்த அம்மாவைப் பார்க்க எனக்கு அவ்வளவு பொறாமையாக இருந்தது.